ஆறாவது தென்னையில் ஒரு சாண் மேலே

அன்றைக்கு எங்கள் தென்னந்தோப்பின் வேலியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஏழெட்டுப் பேர் நின்றீர்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். என் அப்பா சொன்னது உங்கள் காதிலேயே விழுந்தது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக, நாம் எங்கே கூடினாலும், கல்யாணப் பந்தியில்கூட, "இவங்கப்பா தெரிஞ்சே சுட்டவருங்க" என்று யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிடுகிறீர்கள். நானும் குனிந்த தலை நிமிராமல் ரசத்துச் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு வந்துவிடுகிறேன். நமக்கெல்லாம் அறுபதைத் தாண்டியாயிற்று. நம்மில் மூன்று பேர் போயும் சேர்ந்துவிட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சோறு தின்கிற ஜென்மமே இல்லை. நீங்கள் பார்த்தது பாதிதான். மிச்சப் பாதி என்னிடம் இருக்கிறது.

அந்த வருஷம் கடலைக்காய் நன்றாகப் பிடித்திருந்தது. மலையடிவாரத்து ஊர், கேட்கவா வேண்டும்? காய் முற்றுகிற வாசம் காட்டுக்குள் போய்ச் சேர்ந்ததும் பன்றிகள் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடும். ஒரே நடையில் கால் ஏக்கரை மூக்காலேயே உழுதுபோட்டுவிட்டுப் போகும். காலையில் அந்தக் காட்டைப் பார்த்து அம்மா ஒப்பாரி வைக்காத குறைதான்.

பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒரு துப்பாக்கி அப்பாவிடம் இருந்தது. இப்போது சினிமாவில் பார்க்கிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, கோலிக்குண்டு மாதிரி உருண்டையான ஈயக்குண்டைத் துணியில் சுற்றி வைத்து, நீளக் கம்பியால் அடிவரைக்கும் தள்ளிக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடிக்கு ஒரு குண்டுதான். குழலின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டால் முறுக்குமுறுக்காகக் கோடு ஓடுவது தட்டுப்படும். மலைமேல் எஸ்டேட்டில் இருந்த யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனதாம். அப்பாவின் தாய்மாமன் கைக்கு வந்து, அவரிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. பழைய பவானி ஜமக்காளத்தில் சுற்றி அட்டாலிப் பரண் மேலே வைத்திருப்பார். மருந்தைக் கொட்டிவைக்க ஒரு மாட்டுக்கொம்பு. குண்டைச் சுற்ற அப்பாவின் கிழிந்த பனியன். சுட்டதும் தோப்பு முழுக்கக் கூமுட்டை நாற்றம் அடிக்கும். எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொன்னதில்லை.

குழலின் முனையில் நெல்மணி அளவுக்கு ஒரு பித்தளைப் பொட்டு. கண்ணுக்குக் கிட்டே ஒரு சின்னத் தகடு, அதில் ஒரு வெட்டு. வெட்டுக்கு நடுவில் பொட்டு, பொட்டுக்கு நேரே பன்றி. மூன்றும் ஒரு கோட்டில் வந்தால் குண்டு அந்தக் கோட்டிலேயே போய்ப் பன்றிமேல் உட்காரும் என்று அப்பா நம்பினார். அப்பா என்ன, ஊரே அப்படித்தான் நம்பியது.

தூரத்தை அப்பா அடிக்கணக்கில் சொல்ல மாட்டார், மரக்கணக்கில் சொல்வார். மோட்டார் ரூமிலிருந்து பள்ளத்தைப் பார்த்து ஒரே வரிசையில் பன்னிரண்டு தென்னை, இருபத்தைந்து அடிக்கு ஒன்று. நிலம் மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும். வரிசையை ஒட்டிக் கடலைக்காடு. பன்னிரண்டாவது மரத்தைத் தாண்டினால் ஓர் ஆள் உயரத்துக்கு நிலம் இறங்கும். அது பெரியப்பாவின் சோளக்காடு. அப்பாவின் சொந்த அண்ணன்தான். பொதுக்கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்கிற தகராறில் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் பெரியம்மா என்னோடு பேசுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மடியிலிருந்து வேகவைத்த கடலைக்காயை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

பன்றிகள் பள்ளத்திலிருந்து பன்னிரண்டாவது மரத்தடியில் ஏறித்தான் உள்ளே வரும். அதனால் அந்த மரத்துக்குக் குறிவைத்துத் துப்பாக்கியைச் சரிபண்ண அப்பா முடிவு செய்தார். ஒரு பழைய முறத்தைச் சாணியால் மெழுகிக் காயவைத்து, நடுவில் சுண்ணாம்பால் எட்டணா அளவுக்குப் பொட்டு வைத்து, பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு மரத்தில் கட்டினார். அவர் மோட்டார் ரூம் படியில் மூட்டையை அணைத்து வைத்து, அதன்மேல் குழலைத் தாங்கலாக வைத்துச் சுடுவார். வெடித்ததும் நான் ஓடிப்போய் ஓட்டையைப் பார்த்துக் கத்திச் சொல்ல வேண்டும். அவர் அதற்குள் குழலைத் துடைத்து அடுத்ததைக் கெட்டிப்பார்.

அம்மாவுக்கு அது ஆகவில்லை. "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குடி கூடக் காயுது? ஊட்டுக்குள்ள வா" என்று வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

"இருக்கட்டும் உடு. என்ர கண்ணவிட அவ கண்ணு கூரு" என்றார் அப்பா. பன்னிரண்டு வயசில் அந்த ஒரு வார்த்தைக்காக நான் வெயில் என்ன, தீயிலேயே நின்றிருப்பேன்.

முதல் நாள் சுட்ட நாலும் முறத்துக்கே போகவில்லை. பதினோராவது மரத்தடியில் மண்ணைக் கிளப்பிவிட்டு அடங்கிப்போயின. "குண்டு அங்க போறப்பவே செத்துப்போகுது, சீவனில்ல" என்று அப்பா தீர்மானித்துவிட்டார். குண்டாவது சாவதாவது. மண்ணில் படாமல் இருந்தால் அது பாட்டுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்கும். அது அப்போது யாருக்குத் தெரிந்தது?

மறுநாள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சிங்காநல்லூருக்கு பஸ் ஏறினோம். அங்கே லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர் குழலைத் திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டு, முனையிலிருந்த பித்தளைப் பொட்டை அரத்தால் கொஞ்சம் ராவினார். "முன்னால இருக்கற மணி தாழ்ந்துதுன்னா, குறி பாக்கறப்ப குழல் வாய் தன்னால மேல தூக்கிக்கும்ங்க. தூக்குனா தூரம் போகும்" என்றார். அது சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனி பன்னெண்டு மரத்துக்குள்ள எது வந்து நின்னாலும் தப்பாதுங்க" என்றும் சொல்லிப்போட்டார். அப்பா அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

பின்னாளில் நானே பம்பு கம்பெனியில் அளவு பார்க்கிற வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு இது விளங்கியது. டெலிவரி பைப்பிலிருந்து தண்ணீர் பீச்சுவதைப் பார்த்திருப்பீர்களே, நேராகவா போகிறது? தூரத்தில் விழ வேண்டுமென்றால் பைப்பின் வாயை மேலே தூக்குகிறோம். தண்ணீர் ஏறி, வளைந்து, அப்புறம் இறங்குகிறது. உருண்டைக் குண்டும் அதே மாதிரிதான். கண் பார்க்கிற கோடு நேர்க்கோடு. குண்டு போகிற வழி வளைவு. கண்ணுக்குக் கீழே குழலிலிருந்து புறப்பட்டு, பார்வைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி, பன்னிரண்டாவது மரத்தில் மறுபடி அந்தக் கோட்டுக்கு இறங்கி வருகிறது. நடுவழியில், ஆறாவது மரத்தில், அது கோட்டுக்கு மேலேதான் இருக்கும். தூரத்துக்குச் சரிபண்ணிய துப்பாக்கி கிட்டத்தில் மேலே சுடும். இவ்வளவுதான் சங்கதி. அன்றைக்கு இதைச் சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஆள் இல்லை.

பட்டறையிலிருந்து வந்த மறுநாள் மறுபடி முறம் கட்டினோம். பெரியப்பா வீட்டார் ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை கொண்டுபோயிருந்தார்கள், கீழ்க்காட்டில் ஆளே இல்லை. பன்னிரண்டாவது மரத்தில் முதல் குண்டு பொட்டுக்கு நாலு விரல் தள்ளி. இரண்டாவது பொட்டின் ஓரத்தில். மூன்றாவது பொட்டிலேயே. "எங்க பட்டுச்சு அம்முணி?" என்று அப்பா கத்த, "பொட்டுலீங்கப்பா!" என்று நான் கத்த, அப்பா துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றினார். அந்த மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். "ஆறாவது மரத்துல ஒண்ணே ஒண்ணு பாத்துப்போடலாம் கண்ணு" என்றார். முறத்தைக் கழற்றி, பழைய ஓட்டைகளைச் சாணி வைத்து அடைத்து, புதுப்பொட்டு வைத்து ஆறாவது மரத்தில் கட்டினோம். காலையிலிருந்து முறம் கட்டவும் ஓட்டை பார்க்கவும் நான் எத்தனை தடவை ஓடியிருப்பேன் என்று கணக்கில்லை. வெறுங்கால். நெருஞ்சி முள் இரண்டு பாதத்திலும். மத்தியான வெயிலில் தலை வலி. வீட்டுப் பக்கமிருந்து அம்மா பருப்பு தாளிக்கிற வாசம் வந்தது.

வெடித்தது. ஓடினேன். முறத்தில் ஓட்டை இல்லை.

குண்டு மாயமாகப் போய்விட்டதா என்று திகைத்து நின்றேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், முறத்தின் விளிம்புக்கு மேலே, பொட்டிலிருந்து சரியாக ஒரு சாண் உயரத்தில், தென்னை உடம்பில் கருப்பாக ஓர் ஓட்டை. விரலை வைத்தேன், சுட்டது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவ்வளவு தூரத்தில் பொட்டிலேயே படுகிறது, பாதி தூரத்தில் தப்புமா? சொன்னால் அப்பா நம்ப மாட்டார். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பார். மறுபடி கெட்டிப்பார், மறுபடி ஓட வேண்டும், மறுபடி மண்ணும் அரமும் சிங்காநல்லூரும். அந்தத் துண்டைச் சுற்றிய சந்தோஷம் போய்விடும்.

"எங்க பட்டுச்சு?"

கீழே விரல் தடிமனில் கிடந்த ஒரு வேப்பங்குச்சியை எடுத்தேன். பொட்டுக்கு நடுவில் வைத்துக் குத்தினேன். "பொட்டுலயேங்கப்பா!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு குச்சி, ஒரு குத்து. முறத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்பா அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம துப்பாக்கி இனி தங்கம்" என்றார். நான் போய்ப் பருப்புச் சோறு தின்றேன். இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

இரண்டு நாள் கழித்து, பொழுது வெளுக்கிற நேரம். வெடிச்சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். மோட்டார் ரூம் படியில் அப்பா நின்றிருந்தார், புகை இன்னும் கலையவில்லை. "ஆறாவது மரத்துக்கிட்ட நின்னுதுடா கண்ணு, கடா மாதிரி! வாங்கிட்டுத் துள்ளி ஓடுது பாரு!" என்று பள்ளத்தைக் காட்டினார். சிரித்த வாய் மூடவில்லை, கீழ்க்காட்டிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

பெரியம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க வந்திருக்கிறாள். நாங்கள் வரப்பை இறங்கிப் போனபோது அறுத்த தட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை தோளுக்குக் கீழே பிய்ந்து தொங்கியது. வலியால்கூடக் கத்தவில்லை இப்போது. "எனக்கு என்னாச்சு? ஏனுங், எனக்கு என்னாச்சுங்?" என்று எங்களையே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தன் சேலையைக் கிழித்து அவள் தோளைக் கட்டினாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டது அப்போதுதான். நான் வரப்பிலேயே நின்றேன். ஒரு சாண் மேலே, ஒரு சாண் மேலே என்று மண்டைக்குள் ஓடியது. பன்றியின் முதுகுக்கு மேலே போன குண்டு சாய்ந்த நிலத்தின் மேலேயே போய்க் கீழ்க்காட்டில் இறங்கியிருக்கிறது என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அப்பாவுக்குத் தெரியாது. அவர் கணக்கு சுத்தமாக இருந்தது. ஆறாவது மரத்தில் துப்பாக்கி பொட்டில் சுடுகிறது, பன்றி ஆறாவது மரத்தில் நின்றது, ஆகவே குண்டு பன்றிக்குள் இருக்கிறது. பெரியம்மாவைத் தாக்கியது வேறு எவனோ திருட்டு வேட்டைக்காரனின் குண்டு. குண்டு கையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதால் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் கணக்கு முழுவதும் என் வேப்பங்குச்சியின்மேல் நின்றது.

பெரியம்மா உயிர் பிழைத்தாள். கை மிஞ்சியது, பலம் போயிற்று. நான்காம் நாள் காலையில், நம் ஊர் மணியகாரரும் பெரியவர்களும் எங்கள் தோப்பில் கூடினார்கள். அன்றைக்குத்தான் நீங்கள் வேலியில் நின்றீர்கள்.

நம் பக்கத்துச் சண்டையில் கொலையே விழுந்தாலும் பேச்சில் 'ங்க' மட்டும் விட்டுப்போகாது. பெரியப்பா கண் சிவக்க நின்றுகொண்டு, "ஏனுங் தம்பி, தண்ணி முறைக்கு ரெண்டு வார்த்தை பேசுனதுக்கு என்ர பொண்டாட்டியச் சுடுவீங்களா?" என்றார். அதுவரைக்கும் 'வாடா போடா' என்று கூப்பிட்ட அண்ணன்.

"கருப்பராயன் அறியச் சொல்றேனுங்கண்ணா, என்ர குண்டு பன்னிக்குள்ள இருக்குது. வேலியத் தாண்டல" என்றார் அப்பா. "ஆறாவது மரத்துல வெச்சுப் பாத்துத்தானுங்க இருக்கறேன். பொட்டுல போயி உக்காருது. என்ர புள்ளயக் கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "ஆமாங்க" என்றேன்.

மணியகாரர் நியாயமான மனுஷன். பொதுவில் சொன்னார்: "தெரியாம நடந்துபோச்சுன்னா அது கை தப்புங்க. அண்ணியார் கால்ல உளுந்து எந்திரிச்சு, வைத்தியம் பாத்துட்டா முடிஞ்சுது. ரத்த உறவு, போலீஸ் டேசன் வரைக்கும் எதுக்கு? தெரிஞ்சு நடந்திருந்தா நாங்க பேசறதுக்கு ஒண்ணுமில்ல. டேசன்தான். குண்டே உங்களுது இல்லீங்கறீங்களா, அப்ப சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடுங்க, உட்டர்றோம்."

தட்டில் சூடம் வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்பா கையை நீட்டவில்லை. அதுதான் அவர் குணம். "சத்தியம் பண்றனுங்க. அதுக்கு மின்னாடி உங்க கண்ணுலயே பாத்துப்போடுங்க. நாளைக்கு ஒருத்தரும் என்ர சத்தியத்தைப் பொய்யுன்னு பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார். கீழ்க்காட்டிலிருந்து ஆட்களை மேலே வரச் செய்தார்கள். புது முறம், புதுச் சாணி, புதுப் பொட்டு. ஆறாவது மரம்.

பழைய ஓட்டை அங்கேயே இருக்கிறது. தென்னை அதிலிருந்து சிவப்பாகப் பிசின் வடித்து, அது காய்ந்து கறுத்திருக்கிறது. மரத்தோடு மரமாகத் தெரிந்ததால் முறம் கட்டியவர்கள் கவனிக்கவில்லை.

அப்பா சுட்டார். காக்காய்கள் பறந்தன. பெரியவர்கள் யாரும் நகரவில்லை, வழக்கப்படி அப்பா என்னைப் பார்த்துக் கையை வீசினார். நான் ஓடினேன். அவ்வளவு பேரும் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முறம் முழுசாக இருந்தது. மேலே, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு விரல்கடை தள்ளி, புது ஓட்டை.

"எங்க பட்டுச்சு அம்முணி?"

காலடியில் குச்சி கிடக்காமலா இருக்கும்? கிடந்தது. இன்னொரு குத்துக் குத்தினால் அப்பா தப்பிப்பார். ஆனால் தட்டில் சூடம் காத்திருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்த கை அழுகிப்போகும் என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? பெரியம்மாவின் கையை நான் பார்த்திருந்தேன். அந்த மாதிரி அப்பாவின் கையும் தொங்குவது கண்முன்னே வந்தது.

"மேலேங்கப்பா! ஒரு சாண் மேல!"

"நல்லாப் பாரு கண்ணு. பொட்டுல பாரு."

"பொட்டுல இல்லீங்கப்பா! மரத்துல இருக்குது!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். எல்லோரும் வந்தார்கள். அப்பாதான் முதலில் வந்தார். புது ஓட்டையில் விரலை வைத்தார். "மேல போகுதே... கிட்டத்துல மேல போகுதே" என்று தனக்குள்ளே சொன்னார். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்ல? காலடியில் பூமி பிளந்த முகம். தன் குண்டுதான் அண்ணியைத் தாக்கியது என்று அந்த மனுஷனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

மணியகாரர் கிட்டே வந்து குனிந்தார். "இதென்னங்க, பக்கத்துலயே இன்னொண்ணு? பிசினு காஞ்சு கெடக்குது. இது பழசாட்ட இருக்குதே."

அப்பா அந்தப் பழைய ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது.

பெரியப்பாவுக்கும் மெல்ல விளங்கத் தொடங்கியது. என் பக்கம் திரும்பி, "அன்னைக்கும் ஓடிப்போய்ப் பாத்தது நீதானே அம்முணி? அப்ப இந்த ஓட்டைய நீ..." என்று ஆரம்பித்தார். அத்தனை கண்களும் என்மேல். என் வாய் திறந்தது. நான்தான், நான்தான் மறைத்தேன் என்று சொல்லத்தான் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

"அவளக் கேக்காதீங்கண்ணா" என்றார் அப்பா. "அந்த ஓட்டைய அன்னைக்கே நான் பாத்தேனுங்க. கிட்டத்துல மேல போகுதுன்னு எனக்குத் தெரியும்."



மணியகாரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "யோசனை பண்ணிப் பேசுங்க. தெரியாதுன்னா ஒரு பேச்சு, தெரியும்னா வேற பேச்சு. என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. தெரிஞ்சேதான் சுட்டேன்."

அதை நீங்கள் கேட்டீர்கள். ஊரே கேட்டது. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பெரியப்பா நேராக டேசனுக்கு நடந்தார். என் வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மெய் சொல்லி அழுத பிள்ளை என்று யாரோ என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஜீப் வருவதற்குள் அப்பா கிணற்றடியில் குளித்து, வேறு அங்கராக்குச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "புள்ள காத்தால இருந்து ஒண்ணும் திங்கல. சோறு போடு."

கோயம்புத்தூர் ஜெயிலில் நாலு மாதம் இருந்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள், லைசென்ஸ் போயிற்று. பெரியப்பா சாகிறவரைக்கும் அப்பா முகத்தில் விழிக்கவில்லை. பெரியம்மாவுக்கு வலது கை அப்புறம் தலைக்கு மேலே தூக்க வரவேயில்லை. மருமகள் வரும்வரை பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் அவளுக்குத் தலை வாரி முடிந்தார்கள். என் பைக்குள் அதற்கப்புறம் யாரும் கடலைக்காய் போடவில்லை. அப்பாவை ஊரில் ஒரு பயல் காவலுக்குக் கூப்பிடவில்லை, பஞ்சாயத்துக்குக் கூப்பிடவில்லை, கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரச் சொல்லவில்லை. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. நான் கம்பெனியில் முப்பது வருஷம் அளவு பார்த்தேன். பார்க்காத அளவை ஒரு நாளும் பார்த்ததாக எழுதியதில்லை. அதனால் யாருக்கு என்ன?

என் கல்யாணத்துக்கு அப்புறம், சிங்காநல்லூரில் குடியிருந்தபோது, அப்பா ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கொட்டிவிட்டேன். வேப்பங்குச்சியை, முறத்தை, பருப்புச் சோற்றை, எல்லாவற்றையும். "நீங்க அந்த ஓட்டைய அன்னைக்குப் பாக்கவே இல்லீங்கப்பா. நான்தான் மறைச்சுப்போட்டேன். எனக்காகத்தான் நீங்க அப்பிடிச் சொன்னீங்க" என்று அழுதேன்.

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"நீ அப்ப சின்னப்புள்ள சாமி. உனக்கென்ன ஞாபகம் இருக்கும்?" என்றார். "நான் பாத்தேன்."

"பாக்கலீங்கப்பா!"

"பாத்தேன்னு சொல்றேனல்ல." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அன்னைக்கே பாத்துப்போட்டேன். நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. இனி அதப் பேசாத."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோப்பில் அன்றைக்கு விழுந்த அடியைவிட இது பெரிய அடி. நாலு சுவருக்குள், நாங்கள் இரண்டே பேர் இருக்கும்போதுகூட, அந்தப் பழியை அவர் என் கையில் கொடுக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சக்கரை கம்மியாப் போட்டுட்ட" என்றார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். சாகும்போதும் அதே பொய்யோடுதான் போனார்.

அவர் பார்க்கவில்லை. பார்த்தது நான்.